அறிவித்த விலையும் அடக்க விலையும்: கிராஃபிக்ஸ் கார்டு வியாபாரத்தில் நான் பார்த்தவை

"மேடையில் நிறுவனத்தார் சொன்ன விலை ஒன்று, நீங்கள் பில்லில் போடும் விலை வேறு. நடுவில் இருக்கும் பணம் யார் பைக்குப் போகிறது?" கணினியில் விளையாட்டுகளின் காட்சிகளை உருவாக்கும் பாகமான கிராஃபிக்ஸ் கார்டு புதிதாக வெளியாகும்போதெல்லாம் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் கோபத்தோடு கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது பெரும்பாலும் தவறான ஆளின் மேல் விழுகிறது.

கணினி உதிரிபாகங்களை வாங்கி விற்கும், கேட்பவர்களுக்குக் கணினியைப் பூட்டியும் தரும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பொறுப்பைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். விநியோகஸ்தர்களிடம் விலை கேட்பது, சரக்கு ஒதுக்கீட்டுக்காகப் போராடுவது, வராத கிரெடிட் நோட்டுக்காக (அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ளும் வரவுச் சீட்டு) நினைவூட்டல் அனுப்புவது என் அன்றாட வேலை. கார்டு வாங்குபவர்களுக்கும், சிறிய அளவில் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சங்கிலியைப் புரிந்துகொள்ள வேண்டும். என்விடியாவும் ஏஎம்டியும் கார்டின் மூளையான சிப்பை வடிவமைத்து, வெளி ஆலைகளில் செய்து வாங்குகின்றன. அந்தச் சிப்பை ஆசஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஸோட்டாக், பாலிட், சஃபையர், பவர்கலர் போன்ற கூட்டாளி நிறுவனங்கள் வாங்கி, பலகை, மின்சுற்று, குளிர்விப்பான், பெட்டி எல்லாம் சேர்த்து முழுக் கார்டாக்குகின்றன. வாரண்டியும் அவர்கள் தலையில்தான். அவர்களிடமிருந்து விநியோகஸ்தர், அவரிடமிருந்து எங்களைப் போன்ற கடை, கடைசியில் நீங்கள். இத்தனை கை மாறும் பொருளின் சில்லறை விலையை, கடைக்கே வராத முதல் ஆள் மேடையில் நின்று அறிவிக்கிறார். கூட்டாளி எவ்வளவுக்குச் சிப் வாங்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். எந்தக் கூட்டாளிக்கு எத்தனை சிப், என்றைக்கு விற்கலாம், கார்டு அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பவையும் அவர் முடிவுதான். போதாக்குறைக்குத் தன் பெயரிலேயே ஒரு கார்டை விற்பனைக்கு விட்டு, கூட்டாளிகளோடு போட்டியும் போடுகிறார்.

இந்தக் கடைசி விஷயம் பெரிய அளவில் தொடங்கியது 2016-இல். ஜிடிஎக்ஸ் 1080 என்ற கார்டுக்கு என்விடியா 599 டாலர் என்று தொடக்க விலை அறிவித்தது. அதோடு ஃபவுண்டர்ஸ் எடிஷன் என்ற தன் சொந்த வடிவத்துக்கு 699 டாலர் வைத்தது. அன்றைக்குக் கூட்டாளிகளுக்கு அது பெரிய தொல்லையாக இல்லை. அதைவிடக் குறைவாக விற்க இடம் இருந்தது. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது கதை தலைகீழானது. நல்ல குளிர்விப்பானோடு, நேர்த்தியான கட்டமைப்போடு வந்த ஃபவுண்டர்ஸ் எடிஷனின் விலையும் 699, அறிவித்த தொடக்க விலையும் 699. அந்தத் தரத்தில் ஒரு கார்டைச் செய்து, விநியோகஸ்தருக்கும் கடைக்கும் பங்கு கொடுத்து, அதே விலைக்கு விற்பது கூட்டாளிக்கு எளிதல்ல. சிப்பை விற்றும் சம்பாதிப்பவர், கார்டில் லாபம் இல்லாவிட்டாலும் தாங்கிக்கொள்வார். கார்டை மட்டுமே நம்பியிருப்பவர் என்ன செய்வார்?

இவிஜிஏ என்ற கூட்டாளி நிறுவனம் என்ன செய்தது என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 1999-இல் தொடங்கி, என்விடியா சிப்புகளை மட்டுமே வைத்துக் கார்டு செய்து வந்த நிறுவனம். வாங்கிய 90 நாட்களுக்குள் வித்தியாசத் தொகையைக் கட்டி மேல் ரகக் கார்டுக்கு மாறிக்கொள்ளும் திட்டம் வைத்திருந்தவர்கள். அதனால் அவர்களிடம் வாங்கியவர்கள் வேறு பக்கம் போகவே மாட்டார்கள். 2022 செப்டம்பர் 16 அன்று, இனிமேல் கிராஃபிக்ஸ் கார்டு செய்யப் போவதில்லை என்று அறிவித்தார்கள். அவர்கள் வருமானத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அதிலிருந்துதான் வந்தது என்று அப்போதைய செய்திகள் கூறின. பத்தில் எட்டுப் பங்கு வருமானத்தை ஒருவர் தானாக விட்டுப் போகிறார் என்றால் அந்த வருமானத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ ஹான் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு நெஞ்சில் தைத்தது: தாங்கள் செய்யும் கார்டின் விலை என்ன என்பதை, என்விடியா மேடையில் அறிவிக்கும்போதுதான் தாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்றார். பலகை வடிவமைத்து, பெட்டி அச்சடித்து, தயாரித்துக் குவித்த பிறகு, அது லாபமா நஷ்டமா என்பது மற்றவர் வாயிலிருந்து வர வேண்டும். எங்கள் கடை வரைக்கும் இறங்கி வருவது அதே நிலைதான், அளவு மட்டும் சிறியது.

எங்கள் மட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதிய கார்டு ஒன்றுக்கு 600 டாலர் என்று அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக வைக்கும் எண்கள் இவை. விநியோகஸ்தர் எனக்கு அனுப்பும் இன்வாய்ஸில் அதன் விலை 620 என்று இருக்கும். விற்க வேண்டிய விலையைவிட வாங்கும் விலை அதிகம். முதன்முறை பார்ப்பவர்கள் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். பிழை இல்லை. கூடவே ஒரு தனித் தாள் வரும்: அறிவித்த விலைக்கே விற்றால், கார்டு ஒன்றுக்கு 50 டாலர் ரிபேட் (விற்ற பிறகு திரும்பக் கிடைக்கும் தொகை), முதல் இவ்வளவு எண்ணிக்கைக்கு மட்டும், இந்தத் தேதிக்குள் விற்றவற்றுக்கு மட்டும். அந்த 50 கழிந்தால் என் அடக்கம் 570. அறிவித்த விலைக்கு விற்றாலும் கையில் 30 நிற்கும். அந்த எண்ணிக்கை தீர்ந்த மறுநிமிடம், அதே அலமாரியில் அதே பெட்டியின் அடக்கம் 620 ஆகிவிடுகிறது. நான் 650 போட்டால்தான் பழைய லாபமே கிடைக்கும். காலையில் 600-க்கு வாங்கியவர் நண்பரிடம் சொல்ல, மாலையில் நண்பர் வருகிறார், அவருக்கு 650. "ஒரே நாளில் ஐம்பது டாலர் ஏற்றிவிட்டீர்களே" என்று அவர் கேட்கும்போது என்னால் அந்தத் தாளை எடுத்துக் காட்ட முடியாது. அதன் அடியில் ரகசியம் காக்கும் விதி இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ரொக்கம் என் கையிலிருந்து முதலில் போகிறது. ரிபேட் பிறகு வருகிறது. விற்ற ஒவ்வொரு கார்டின் வரிசை எண், விற்ற தேதி, பில் நகல் எல்லாம் ஏற்றிய பிறகு, விநியோகஸ்தர் கூட்டாளி நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் மேலே அனுப்பி, அங்கிருந்து சம்மதம் இறங்கி வந்து, கடைசியில் கிரெடிட் நோட்டாக என் கணக்கில் ஏறும். பணமாக வராது, அடுத்த கொள்முதலில்தான் கழித்துக்கொள்ளலாம். அதாவது எனக்குச் சேர வேண்டிய தொகையைப் பெறவே நான் அவர்களிடம் மறுபடியும் வாங்க வேண்டும். ஒரு முறை, ஒரு கார்டின் வரிசை எண்ணில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று முழு விண்ணப்பமும் திரும்பி வந்தது. திருத்தி அனுப்புவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. பலமுறை எழுதிய பிறகு பாதித் தொகை வந்தது.

2025 மார்ச் 6 அன்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 599 டாலர் அறிவிப்போடு வெளியானபோது உலகம் முழுக்க வாங்குபவர்கள் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். முதல் நாள் ஓட்டத்தில் அந்த விலைக்குக் கிடைத்தது. அடுத்து வந்த சரக்கு அதைவிட மேலே போனது. தொடக்கக் கையிருப்புக்கு மட்டுமே அந்த விலை என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்ன விற்பனையாளர்களும் உண்டு. அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பெரிய கடைகளுக்கே அந்தத் துணிவு இருக்கும். ஒதுக்கீட்டுக்குக் கை ஏந்தி நிற்கும் கடை அப்படிப் பேசினால் அடுத்த முறை அதன் பங்கு என்னவாகும் என்பது ஊகிக்கக் கூடியதே.

ரிபேட் தாள் எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. அறிவிப்பு விலை என்பது, விமர்சனங்கள் வெளியாகும் நாளுக்காக வாங்கப்படும் விலை. விமர்சகர் அந்த எண்ணை வைத்துத்தான் கார்டின் மதிப்பைக் கணக்கிடுகிறார். அந்த வரைபடங்கள் வருடக்கணக்கில் இணையத்தில் நிற்கும். அந்த விலையில் கார்டு எத்தனை நாள் நின்றது என்பதை யாரும் திருத்தி எழுதுவதில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 வந்தபோது, அறிவித்த விலைக் கார்டுகளின் விமர்சனங்கள் முதல் நாளும், அதைவிட விலை கூடிய கார்டுகளின் விமர்சனங்கள் மறுநாளும் வெளிவருமாறு ஏற்பாடு இருந்தது. எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதும் மேலிருந்தே முடிவாகிறது.

விலை ஏறுவது ஒரு பக்கம். அறிவித்தவரே திடீரென்று இறக்குவது இன்னொரு பக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சொல்வது நடுவில் இருக்கும் எங்களுக்கு அப்படியே பொருந்தும். 2019 ஜூனில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி-க்கு 449 டாலர் அறிவித்தது. என்விடியா சூப்பர் என்ற போட்டிக் கார்டு வரிசையைக் கொண்டுவந்ததும், ஜூலை 7 வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு 399 ஆக்கியது. வாங்குபவருக்கு அருமையான செய்தி. பழைய விலையை நம்பிக் கணக்குப் போட்டிருந்தவர்களுக்கு ஒரே இரவில் 50 டாலர் காணாமல் போகிறது. மேலிருந்து ஈடு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆறு மாதம் கழித்து, 2020 ஜனவரியில், ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி இன்னும் மோசம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 2060-இன் விலையை 299-க்கு இறக்கியதும், ஏஎம்டி கடைசி நேரத்தில் வேகத்தைக் கூட்டும் புதிய பயாஸ் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) ஒன்றை வெளியிட்டது. கார்டுகள் ஏற்கெனவே பெட்டியில் அடைபட்டுக் கடைகளுக்குப் புறப்பட்டுவிட்டன. ஒரே பெயர், ஒரே விலை, உள்ளே பழைய பயாஸா புதியதா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். சில கார்டுகளின் நினைவகம் அந்த வேகத்துக்குத் தகுதி பெற்றது, சிலவற்றினுடையது இல்லை. அந்த விளக்கத்தை வாடிக்கையாளரிடம் சொல்லும் பொறுப்பு யாருக்கு வந்தது? விற்ற கடைக்கு.

2022-இல் நடந்ததை நினைத்தால் இன்றும் வியப்பு. செப்டம்பர் 20 அன்று ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. நினைவகம் மட்டும் குறைந்த கார்டு என்று பெயர் சொன்னது. உள்ளே இருந்த சிப்பே வேறு. எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபர் 14 அன்று 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் கூட்டாளிகள் பெயர் அச்சடித்த பெட்டிகளைத் தயாராக வைத்திருந்தார்கள். 899 டாலர் என்று அறிவித்த அதே கார்டு 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் 799-க்கு வந்தது. திரும்பப் பெற்ற முடிவு சரியானது, எனக்கு அதில் ஐயமே இல்லை. வாங்குபவர்கள் உரக்கப் பேசினால் பலன் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று.

இனி எழுத்தில் வராத கட்டுப்பாடு. இதைப் பற்றித் தொழிலில் இருப்பவர்கள் வெளியே பேசுவது குறைவு.

ஒரு கார்டு எங்களிடம் தேங்கிப் போயிருந்தது. பணம் முடங்கக் கூடாது என்று சிறிய லாபத்தோடு விலையைக் குறைத்துப் போட்டேன். அன்று பிற்பகலே விநியோகஸ்தர் தரப்பிலிருந்து பொறுப்பாளர் ஒருவர் அழைத்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அந்த மாடலின் விலையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற டீலர்கள் புகார் சொல்கிறார்கள்."

"என் சரக்கு, நான் பணம் கொடுத்து வாங்கியது. விலைப்பட்டியலில் இருப்பது பரிந்துரை விலைதானே?"

"பரிந்துரைதான் சார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் புது வரிசை வருகிறது, ஒதுக்கீட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன்."

"இதை ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்களேன்."

சிறிது நேரம் அமைதி. பிறகு, "அவ்வளவு தூரம் வேண்டாம் சார், நமக்குள் பேசியதாக இருக்கட்டும்" என்றார். மின்னஞ்சல் வரவே இல்லை. நான் விலையை ஏற்றவில்லை. புது வரிசையில் எங்களுக்கு வந்த பங்கு மெலிந்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி நடப்பதுதான் இதன் வலிமை.

குறைந்தபட்ச மறுவிற்பனை விலையை உற்பத்தியாளர் திணிப்பது பல நாடுகளில் சட்டச் சிக்கலுக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பரிந்துரை விலையும் அதிகபட்ச விலையும் சொல்லலாம். கீழே போகாதே என்று கட்டுப்படுத்துவது கடுமையான மீறல். 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஆசஸ், டெனான் மற்றும் மராண்ட்ஸ், பிலிப்ஸ், பயனியர் ஆகிய 4 நிறுவனங்களுக்கு மொத்தம் 11.1 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. இணையக் கடைகள் மடிக்கணினி, ஒலிக்கருவி, சமையலறைச் சாதனம் போன்றவற்றை விலை குறைத்து விற்றபோது அவற்றை நெருக்கியதற்காக. விலையைக் கண்காணிக்க மென்பொருள் வைத்திருந்ததும், சொன்னபடி கேட்காத கடைகளுக்குச் சரக்கை நிறுத்துவோம் என்று மிரட்டியதும் அந்த விசாரணையில் வெளிவந்தன. அமெரிக்காவில் 1911 முதல் முற்றிலும் தடையாக இருந்த நிலையை 2007-இல் உச்ச நீதிமன்றம் லீஜின் வழக்கில் மாற்றியது. அதன் பிறகு கூட்டாட்சிச் சட்டத்தில் ஒவ்வொரு வழக்காக நன்மை தீமையை எடைபோடுகிறார்கள். ஆகவே நீங்கள் தொழில் செய்யும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்வது வீண் செலவாகாது. அழைப்பு வந்த நாள், பேசியவர், சொன்ன சொல் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவைக்கும் பழக்கத்தை அந்த உரையாடலுக்குப் பிறகு நான் தொடங்கினேன்.

ஒதுக்கீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று, சேர்த்து வாங்கும் நிபந்தனை. வேண்டப்படும் கார்டு நான்கு வேண்டுமென்றால், ஓடாத மதர்போர்டு பத்து எடுக்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலங்களில் இது சாதாரணம். அந்த மதர்போர்டுகளை விற்க முடியாமல் கடைகள் அவற்றைக் கார்டோடு பிணைத்து வாங்குபவர் தலையில் கட்டுகின்றன. எங்கள் நிறுவனம் அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். பதிலுக்கு நான்கு கார்டையும் இழந்தோம்.

சிப் நிறுவனத்தின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு 2018 நல்ல எடுத்துக்காட்டு. அந்த மார்ச்சில் என்விடியா ஜிஃபோர்ஸ் பார்ட்னர் புரோகிராம் என்ற திட்டத்தை அறிவித்தது. சேரும் கூட்டாளிகளின் விளையாட்டுப் பிராண்டு, என்விடியாவின் கார்டு வரிசையான ஜிஃபோர்ஸுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம் என்று செய்தி வெளியானது. வருடக்கணக்கில் தாங்கள் பணம் போட்டு வளர்த்த பெயரிலிருந்து போட்டி நிறுவனத்தின் கார்டை நீக்க வேண்டும். ஆசஸ், ஏஎம்டி சிப் உள்ள தன் ரேடியான் கார்டுகளுக்கு ஏரெஸ் என்று புதுப் பெயர் வைக்கும் அளவுக்குப் போனது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு மே 4 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கெல்லாம் எதிர்மாறான பாடமும் வரலாற்றில் உண்டு. 3டிஎஃப்எக்ஸ் என்ற சிப் நிறுவனம் 1998 டிசம்பரில் எஸ்டிபி சிஸ்டம்ஸ் என்ற பலகைத் தயாரிப்பாளரை வாங்குவதாக அறிவித்து, இனிக் கார்டுகளைத் தானே செய்து விற்பது என்று கூட்டாளிகளைக் கழற்றிவிட்டது. கூட்டாளிகள் என்விடியா பக்கம் சாய்ந்தார்கள். இரண்டே வருடத்தில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்கியது அதே என்விடியா. அன்று கூட்டாளிகளுக்குப் போக இன்னொரு வாசல் இருந்தது. இன்று அந்த வாசல் குறுகிவிட்டது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 13,050 கோடி டாலர். அதில் விளையாட்டுப் பிரிவு சுமார் 1,135 கோடி, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோபித்துக்கொண்டு போகும் கூட்டாளியால் அவர்களுக்கு நேரும் இழப்பு எவ்வளவு என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுவில் இருக்கும் எல்லோரும் அப்பாவிகள் இல்லை. 2021-இல் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் (கார்டுகளை ஓட்டி மெய்நிகர் நாணயம் ஈட்டுபவர்கள்) கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது, கூட்டாளிகளும் விநியோகஸ்தர்களும் கடைகளும் விலையை விருப்பம்போல் ஏற்றினார்கள். அப்போது அறிவித்த விலையை ஒட்டி விற்பனைக்கு வந்தவை சிப் நிறுவனங்கள் தாங்களே நேரடியாக விட்ட கார்டுகள்தான். அவற்றைப் பிடித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வாங்குபவன் என்ற முறையில் ஃபவுண்டர்ஸ் எடிஷன் இருப்பதை நான் வரவேற்கிறேன். எனக்கு ஏற்பில்லாதது ஒன்றுதான்: விலையை முடிவு செய்பவர் ஒருவர், அதற்கான நஷ்டத்தையும் பழியையும் சுமப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு.

வாங்குபவர்களுக்கு நான் நேரில் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். வெளியீட்டு நாளில் அறிவித்த விலைக்கே கார்டு கிடைத்து, உங்களுக்கு அது தேவையென்றால், தயங்காமல் வாங்குங்கள். ரிபேட் இருக்கும் சரக்கு அதுதான். அந்த முதல் சரக்கைத் தவறவிட்டால், அடுத்த சில நாட்களில் ஏறிய விலைக்கு அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஓரிரு மாதம் கழித்து நிலைக்கும் விலைதான் அந்தக் கார்டின் உண்மையான விலை. விமர்சனத்தில் பார்த்த மதிப்பீட்டை அந்த விலையை வைத்து மறுபடி நீங்களே கணக்கிடுங்கள். பல சமயம் ஒரு படி மேலே இருக்கும் கார்டு அதைவிட நியாயமாகத் தெரியும்.

ஒரே சிப் உள்ள மலிவான கார்டுக்கும் விலை உயர்ந்த கார்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் சில சதவீதம்தான். மின்னழுத்தத்துக்கும் மின்சார அளவுக்கும் சிப் நிறுவனமே வேலி போட்டிருப்பதால், கூட்டாளி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. அதிகப் பணம் கொடுத்தால் கிடைப்பது சத்தம் குறைந்த விசிறி, குறைந்த வெப்பம், நீண்ட வாரண்டி. அவை வேண்டுமென்றால் கொடுங்கள். விளக்கு அலங்காரத்துக்கும் பெயரின் பின்னொட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

கடை வைக்க நினைப்பவர்களே, விலைப் பாதுகாப்பை எழுத்தில் வாங்காமல் வெளியீட்டுச் சரக்கைக் குவிக்காதீர்கள். மேலே விலை இறங்கினால், கையிலிருக்கும் பெட்டிகளுக்கு எத்தனை நாள் வரைக்கும் ஈடு தருவார்கள் என்பது மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ரிபேட்டை லாபமாகக் கணக்கில் எழுதாதீர்கள். கிரெடிட் நோட் கையில் வரும்வரை அது வராத பணம். இன்வாய்ஸ் வருவதற்கு முன் முன்பதிவு வாங்கினால், விலை மாறலாம் என்பதையும் மாறினால் முன்பணம் முழுதாகத் திரும்பும் என்பதையும் ரசீதிலேயே அச்சிடுங்கள். ஒரே விநியோகஸ்தரை நம்பாதீர்கள். ஒரு பிராண்டிலிருந்து வரும் விற்பனை பாதியைத் தாண்டும்போதே மற்றொன்றைத் தேடத் தொடங்குங்கள். மின்வழங்கி, கேபினட், நினைவகம் போன்ற சாதாரணப் பொருட்களைத் தாழ்வாக நினைக்காதீர்கள். எங்கள் கடையின் வாடகையைக் கட்டுவது பெரும்பாலும் அவைதான். இவிஜிஏ கார்டுகளை விட்ட பிறகும் மின்வழங்கி விற்பனையைத் தொடர்ந்தது.

வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டாளிகள் களத்தை விட்டுப் போகக்கூடும் என்பதால் இது முக்கியம். 2010-இல் பிஎஃப்ஜி டெக்னாலஜீஸ் என்ற கூட்டாளி நிறுவனம் முதலில் கார்டு தொழிலை விட்டது, பிறகு நிறுவனமே மூடப்பட்டது. வாழ்நாள் வாரண்டி என்று நம்பி வாங்கியவர்கள் பழுதுக்கு அனுப்பிய கார்டுகள் பழுதோடேயே திரும்பி வந்தன. இவிஜிஏ விலகியபோது, ஏற்கெனவே விற்ற கார்டுகளின் வாரண்டியைத் தொடர்ந்து மதிப்போம் என்று சொன்னது. ஆகவே பெட்டியில் எத்தனை வருடம் என்று எழுதியிருக்கிறது என்பதோடு, பழுதானால் கார்டை யாரிடம் கொடுக்க வேண்டும், கடையிலா, விநியோகஸ்தரிடமா, கூட்டாளி நிறுவனத்தின் சேவை மையத்திலா, அவர்கள் தேதியை பில்லிலிருந்து கணக்கிடுகிறார்களா வரிசை எண்ணிலிருந்தா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். வரிசை எண்ணிலிருந்து கணக்கிடுபவர்களிடம் கடையில் தூங்கிய மாதங்களும் உங்கள் வாரண்டியில் கழியும். அலமாரியில் நெடுநாள் இருந்த பெட்டியைத் தள்ளுபடியில் வாங்கும்போது அந்த மாதங்களையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.